மாதவிடாய் நிற்கும் வயதில் சிறுநீர்ப்பைத் தொல்லை: எதற்கு எந்தச் சிகிச்சை?

"அடக்க முடியவில்லை" என்று இரண்டு பெண்கள் ஒரே சொல்லால் சொல்கிறார்கள். ஒருவருக்குத் தும்மினால் கசிகிறது. மற்றவருக்குக் கழிப்பறைக் கதவை எட்டுவதற்குள் கசிந்துவிடுகிறது. சொல் ஒன்றாக இருந்தாலும் கோளாறு இரண்டு. முதலாமவரைக் குணப்படுத்தும் அறுவைச் சிகிச்சை இரண்டாமவரின் அவசரத்தை இன்னும் கூட்டிவிடக்கூடும். இரண்டாமவருக்குத் தரப்படும் மாத்திரையை முதலாமவர் விழுங்கினால் வாய் வறண்டுபோவதைத் தவிர வேறு பலன் கிடைக்காது. ஆகையால் எந்த மருந்து நல்லது என்ற கேள்வியை முதலில் எழுப்புவதில் பயனில்லை. எந்த நொடியில் கசிகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டு, பிறகு கையில் இருக்கும் வழிகளை, வேண்டாமென்றால் விட்டுவிடக்கூடியவை எவை, ஒருமுறை செய்தால் திரும்ப எடுக்க முடியாதவை எவை என்ற கணக்கில் நிறுத்திப் பார்ப்பதே முறையானது என்று நான் கருதுகிறேன்.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் அதை மாதவிடாய் நிறுத்தம் என்கிறார்கள். ஆனால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஏறி இறங்கத் தொடங்கிவிடுகிறது. யோனி, சிறுநீர் வெளியேறும் குழாய், சிறுநீர்ப்பையின் அடிப்பகுதி ஆகிய மூன்றிலும் ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பிகள் இருப்பதால், அது குறையும்போது மூன்றும் சேர்ந்தே பாதிக்கப்படுகின்றன: உட்படலம் மெலிகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, யோனியில் அமிலத்தன்மையைக் காத்துவந்த லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் அருகிப்போய், அந்த இடத்தில் குடலைச் சேர்ந்த ஈ.கோலை குடியேறுகிறது. நீண்ட காலம் இதை 'யோனி மெலிவு' என்றே மருத்துவ நூல்கள் குறித்துவந்தன. 2014-இல்தான் பிறப்புறுப்பையும் சிறுநீர்ப் பாதையையும் சேர்த்துச் சொல்லும் புதிய பெயரை வல்லுநர் சங்கங்கள் ஏற்றுக்கொண்டன. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பழைய பெயரில் சிறுநீர்ப்பைக்கு இடமே இல்லாததால், எரிச்சலோடும் அவசரத்தோடும் வந்த பெண்ணிடம் மாதவிடாயைப் பற்றி யாரும் கேட்காமல் இருந்ததற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம். உடல் திடீரெனச் சூடேறி வியர்ப்பது சில ஆண்டுகளில் தானாகத் தணிந்துவிடுவதுண்டு. இந்த மெலிவு சிகிச்சை இல்லாமல் தானாகச் சரியாவதில்லை.

அதற்காக எல்லாப் பழியையும் ஹார்மோன் மீது போடவும் கூடாது. தும்மினால் கசிவதற்குப் பெரும்பாலும் பிரசவம், உடல் எடை, ஓயாத இருமல், மலச்சிக்கலால் ஆண்டுக்கணக்கில் முக்கியது ஆகியவையே வேர். ரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிடும் சிறுநீர் பெருக்கி மாத்திரை, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, கருப்பை இறக்கம் ஆகியவையும் இதே வயதில்தான் வந்து சேர்கின்றன. இவற்றைப் பார்க்காமல் சிறுநீர்ப்பைக்கு மட்டும் வைத்தியம் செய்வது வீண் செலவு.

செலவே இல்லாத பரிசோதனை ஒன்று உண்டு; அதைப் பலரும் தட்டிக்கழிக்கிறார்கள். மூன்று நாள்களுக்கு ஓர் அளவுக் குவளையையும் ஒரு குறிப்பேட்டையும் வைத்துக்கொண்டு, எப்போது எவ்வளவு குடித்தோம், எப்போது எவ்வளவு சிறுநீர் கழித்தோம், எப்போது கசிந்தது, அந்நேரம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று எழுதுவதுதான் அது. ஒரு பக்கம் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலை 6.10: 380 மில்லி. 7.25: 90 மில்லி, அவசரம் இல்லை, வெளியே கிளம்பும் முன் எதற்கும் போய்வந்தது. 8.40: 110 மில்லி, அதேபோல். மாலை 5.50: 140 மில்லி, சாவியைப் பூட்டில் நுழைக்கும்போது முட்டிக்கொண்டு வந்தது, உள்ளாடை நனைந்தது. இரவு 12.30: 320 மில்லி. 3.40: 340 மில்லி. இந்த ஆறு வரிகளில் நிறையச் செய்தி இருக்கிறது. விடியற்காலையில் 380 மில்லியைத் தாங்கும் பை சுருங்கிப்போன பை அல்ல. பகலில் 'எதற்கும்' என்று போய்ப்போய், 100 மில்லிக்கே மணியடிக்க அதைப் பழக்கியிருக்கிறார்கள். பூட்டுக்கு முன்னால் நடந்தது அவசரக் கசிவு. தும்மலோ இருமலோ அங்கே இல்லை. இரவில் எழுந்த இரண்டு முறையும் பை நிறைந்தே இருந்தது என்பதால், அங்கே கோளாறு பையில் இருப்பதைவிட, இரவில் சிறுநீரகம் அதிகமாகச் சுரப்பதில் இருக்க வாய்ப்பு அதிகம். நாள் முழுதும் கழிக்கும் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் கழிந்தால், கால் வீக்கம், குறட்டையோடு மூச்சுத் தடைபடும் உறக்கம், மாலைக்குப் பின் அதிகம் குடிப்பது ஆகியவற்றைத் தேட வேண்டும். இத்தகைய இரவுத் தொல்லைக்குச் சிறுநீர்ப்பை மாத்திரை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டுப் பயன் காணாதவர்கள், குறிப்பேட்டை எழுதிப் பார்த்தாலே காரணம் புரிந்துவிடும்.

தேர்வுகளுக்குள் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும், ஒரே முறை வந்து நின்றுவிட்டாலும், அதை உடனே விசாரிக்க வேண்டும். பெண்களுக்கு 'யூரின் இன்ஃபெக்ஷன்' என்று ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதுண்டு. மாதவிடாய் நின்றபின் யோனியிலிருந்து வரும் ரத்தத்துக்கும் அதே அவசரம் உண்டு. முதுகு வலியோடு திடீரெனச் சிறுநீரும் மலமும் கட்டுப்பாடு இழந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதலில் அழுத்தக் கசிவை எடுத்துக்கொள்வோம்: இருமல், தும்மல், சிரிப்பு, கனம் தூக்குதல் ஆகியவற்றின்போது வருவது. இதற்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, யோனியில் பொருத்தும் வளையம், அறுவைச் சிகிச்சை என மூன்று பெரிய வழிகள் உள்ளன. எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு நான்காவதாக எடைக்குறைப்பும் சேரும். 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எடையில் சராசரியாக 8 சதவீதம் குறைத்த பெண்களுக்கு வாரக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் அது 28 சதவீதமாக இருந்தது. பெரிய அதிசயம் இல்லைதான். ஆனாலும் மருந்தில்லாமல் கிடைக்கும் பலன்.

இடுப்புத்தளப் பயிற்சியை 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் பிரபலமாக்கினார். இன்றும் அவர் பெயராலேயே கெகல் பயிற்சி என்கிறோம். காற்று பிரியாமல் அடக்குவதுபோல் பின்புறத்தையும், சிறுநீரை நிறுத்துவதுபோல் முன்புறத்தையும் ஒருசேர உள்ளும் மேலுமாக இழுத்து, சில விநாடிகள் நிறுத்தி, முழுதாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 8 முறையாவது, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் செய்ய வேண்டும். வயிறும் தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. மூச்சு நிற்கக் கூடாது. எழுத்தில் எளிதாகத் தெரியும் இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்குகிறார்கள். ஆறு மாதம் செய்தும் பலனில்லை என்று சொல்பவர்களில் எத்தனை பேர் ஒருமுறையாவது பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் உள்பரிசோதனை செய்து தசை சரியாக இறுகுகிறதா என்று பார்த்தார்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதைப் பயிற்சியாகக் கொள்ளக் கூடாது. அது பை முழுதாகக் காலியாவதைக் கெடுக்கும். தும்மல் வரப்போகிறது என்று தெரிந்த கணமே தசையை இறுக்கிக்கொள்ளும் உத்தி, தசை வலுப்பெறும் முன்பே ஓரளவு கைகொடுக்கும்.

வளையம் ஓடியாடும் நேரத்தில் மட்டும் கசிபவர்களுக்கும், கருப்பை இறக்கமும் சேர்ந்திருப்பவர்களுக்கும் பொருந்தும். வேண்டாதபோது எடுத்துவிடலாம். மெலிந்த படலத்தில் அது உராய்ந்து புண்ணாகக்கூடும் என்பதால், மாதவிடாய் நின்றவர்களுக்கு அதோடு ஈஸ்ட்ரோஜன் க்ரீமும் தேவைப்படுவது வழக்கம்.

அறுவைச் சிகிச்சையைப் பொறுத்தவரை, 'முதலில் பயிற்சி, தோற்றால் கத்தி' என்பதே எழுதப்படாத விதி. நெதர்லாந்தில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு அந்த விதியைக் கொஞ்சம் அசைத்தது. நடுத்தரம் முதல் கடுமையான அழுத்தக் கசிவுள்ள 460 பெண்களில் ஒரு பகுதியினருக்குப் பயிற்சியும், மற்றவர்களுக்குச் சிறுநீர்க் குழாயைத் தாங்கும் நாடா பொருத்தும் அறுவையும் முதலிலேயே தரப்பட்டன. ஓராண்டு முடிவில் முன்னேற்றம் தெரிகிறது என்று சொன்னவர்கள் அறுவைப் பிரிவில் சுமார் 91 சதவீதம், பயிற்சிப் பிரிவில் சுமார் 64 சதவீதம். அதிலும் பயிற்சியில் தொடங்கியவர்களில் 49 சதவீதம் பேர் இடையிலேயே அறுவைக்கு மாறியிருந்தார்கள். கடுமையாகக் கசியும் ஒரு பெண், எல்லாம் தெரிந்துகொண்டு, நேராக அறுவையைக் கேட்டால் அவரைச் சோம்பேறி என்று பார்ப்பது நியாயமில்லை. அதே புள்ளிவிவரத்தை மறுபுறம் திருப்பினால், கடுமையான கசிவிலும் பாதிப்பேர் கத்தியைத் தொடாமல் ஓராண்டைக் கடந்திருக்கிறார்கள். லேசான கசிவுள்ளவர்கள் பயிற்சியைத் தாண்டி யோசிக்க அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் எந்த அறுவை என்பதில் ஒரு வரலாறு இருக்கிறது. சிறுநீர்க் குழாயின் நடுப்பகுதிக்குக் கீழே செயற்கை வலைநாடாவைச் செலுத்தித் தாங்கும் முறையை 1996-இல் ஸ்வீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டன் குழுவினர் வெளியிட்டனர்; சிறு வெட்டு, விரைவில் வீடு என்பதால் அது உலகெங்கும் பரவியது. பெரும்பாலோருக்கு அது நன்றாகவே வேலை செய்தது. சிலருக்கோ வலை திசுவை அரித்து வெளியே வந்தது, நீங்காத வலி தங்கியது, எடுக்கப்போனால் முழுதாக எடுக்க முடியவில்லை. 2018 ஜூலையில் இங்கிலாந்து இந்த அறுவையை நிறுத்திவைத்தது. 2019-இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. விற்பனையை நிறுத்தச் சொன்னது இறக்கத்துக்காக யோனி வழியே வைக்கும் வலையை. கசிவுக்கான நாடா அங்கே தொடர்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பயப்படுபவர்களும் உண்டு, குழப்பத்தைச் சாக்கிட்டு அபாயத்தைக் குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. வலை வேண்டாமென்றால், தன் உடலிலிருந்தே எடுத்த தசை உறையால் தாங்கு கட்டுவது, 1961 முதல் இருந்துவரும் பர்ச் முறையில் தையலிட்டு உயர்த்துவது என இரு வழிகள் உண்டு. இவற்றில் வெட்டு பெரிது, தேற நாளாகும், அந்நியப் பொருள் தங்காது. குழாயின் சுவரில் ஜெல் ஊசி போடுவது எல்லாவற்றிலும் எளியது. பலனும் எல்லாவற்றிலும் குறைவு, மீண்டும் போட நேரலாம். ஊசி, தையல், நாடா என்று போகப்போகப் பலன் ஒரே நேர்கோட்டில் கூடுவதில்லை; திரும்பி வர முடியாத தன்மை மட்டும் நிச்சயமாகக் கூடுகிறது.

அவசரக் கசிவுக்கு முதல் மருந்து நேரம். குறிப்பேட்டில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போவதாகத் தெரிந்தால், இடைவெளியைப் பதினைந்து நிமிடம் பதினைந்து நிமிடமாக நீட்டி, குறைந்தது ஆறு வாரத்தில் மூன்று மணி நேரத்தை நோக்கி நகர்த்துவதே சிறுநீர்ப்பைப் பயிற்சி. உந்துதல் வரும்போது ஓடக் கூடாது; ஓட்டம் அதைக் கூட்டும். நின்ற இடத்தில் நின்றோ உட்கார்ந்தோ இடுப்புத்தளத்தை ஐந்தாறு முறை விரைவாக இறுக்கித் தளர்த்தினால், அலை எழுந்து தணியும். தணிந்தபின் நடந்து போகலாம். காபி, டீ முதலியவற்றில் உள்ள கஃபீனைக் குறைப்பது உதவும். பயந்துபோய்த் தண்ணீரையே குறைத்தால் சிறுநீர் செறிவாகிப் பையை இன்னும் உறுத்தும்.

மாத்திரைகளில் இரண்டு குடும்பங்கள் உள்ளன. ஆக்ஸிபியூட்டினின், டால்டெரோடின், சோலிஃபெனசின் போன்றவை பழைய குடும்பம்: பையின் சுருக்கத்தைத் தணிக்கின்றன, வாய் வறட்சி, மலச்சிக்கல், பார்வை மங்கல் தருகின்றன. இந்த வகை மருந்துகளைப் பல ஆண்டுகள் சாப்பிட்டவர்களிடம் மறதி நோய் அதிகம் காணப்படுவதாக 2015-இல் அமெரிக்காவிலும் 2019-இல் பிரிட்டனிலும் வெளியான ஆய்வுகள் சொல்கின்றன; மருந்துதான் காரணம் என்று அவை நிரூபிக்கவில்லை. என்றாலும், ஒவ்வாமைக்கும் உறக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் சில மாத்திரைகளும் இதே விளைவைச் சேர்த்துக் கூட்டும் என்பதால், முழு மருந்துப் பட்டியலையும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மிராபெக்ரான் புதிய குடும்பம். அமெரிக்காவில் 2012-இல் அனுமதி பெற்றது. வாயையும் மூளையையும் அந்த வகையில் தொந்தரவு செய்யாது. ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும், ஆகவே அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஆகாது. எதுவானாலும் நான்கு வாரமாவது பார்க்காமல் பலனில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

மாத்திரையும் கைவிட்டால், கணுக்கால் நரம்பில் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் வீதம் 12 வாரம் மின்தூண்டல் தருவது, பையின் சுவரில் 100 யூனிட் போடாக்ஸ் ஊசி, முதுகின் அடியில் நரம்புத் தூண்டு கருவி பதிப்பது ஆகியவை உள்ளன. போடாக்ஸ் வேலை செய்தால் நன்றாகவே செய்யும்; ஆனால் சில மாதங்களில் தேய்ந்துவிடும், சிலருக்குச் சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தற்காலிகமாகத் தாங்களே குழாய் செலுத்தி எடுக்க வேண்டியிருக்கும். அதைச் செய்யத் தயாரில்லாதவர் அந்த ஊசியைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே நல்லது.

இனி ஈஸ்ட்ரோஜன். இதில்தான் குழப்பம் அதிகம், ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் பேசப்படுகின்றன. உடல் முழுதும் பரவும் ஹார்மோன் மாத்திரை கசிவுக்கு மருந்தாகாது. 27,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற அமெரிக்காவின் பெரும் ஹார்மோன் ஆய்வின் 2005 முடிவுகளில், தொடக்கத்தில் கசிவே இல்லாதிருந்த பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரையால் கசிவு புதிதாக வந்தது அதிகமாக இருந்தது. உடல் சூட்டுக்காக அதைச் சாப்பிடலாம்; கசிவு குறையும் என்ற நம்பிக்கையில் சாப்பிட வேண்டாம். யோனியில் வைக்கும் க்ரீம், சிறு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் மருந்து வளையம் ஆகியவை வேறு வகை. முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை என்பது க்ரீமின் வழக்கமான முறை. ரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு. வறட்சி, எரிச்சல், அவசரம், திரும்பத் திரும்ப வரும் தொற்று ஆகியவற்றுக்கு இது உதவும். தும்மலில் கசிவதை இதுவே நிறுத்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம், நிறுத்தினால் தொல்லை திரும்பும். உடல் முழுதும் பரவும் ஹார்மோனுக்காக எழுதப்பட்ட எச்சரிக்கையைப் பெட்டிக்குள் இருந்த தாளில் படித்துவிட்டு, அன்றே க்ரீமை மூடி வைத்துவிடும் பெண்கள் ஏராளம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், குறிப்பாக உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைக் குறைக்கும் அரோமடேஸ் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள், புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும். மற்றவர்களுக்கு இத்தனை பெரிய அச்சம் தேவையில்லை.

ஆறு மாதத்தில் இருமுறையோ ஓராண்டில் மூன்று முறையோ தொற்று வந்தால் அதைத் திரும்பவரும் தொற்று என்பார்கள். ஆனால் ஒவ்வொரு எரிச்சலும் தொற்றாக இருப்பதில்லை. மெலிந்த படலமே சிறுநீர் பட்டால் எரியும். சிறுநீரில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்யாமல் ஐந்தாவது ஆன்டிபயாடிக் வாங்குபவர்களில் சிலருக்கு, முதலிலேயே தேவைப்பட்டது க்ரீமாக இருந்திருக்கும். மறுபுறம், தொல்லை எதுவும் இல்லாதபோது கல்ச்சரில் கிருமி தெரிந்தால், கருவுறாத பெண்ணுக்குப் பொதுவாக அதற்கு மருந்து வேண்டாம். உண்மையான தொற்று திரும்பத் திரும்ப வருபவர்களுக்கான வழிகளில் நான் யோனி ஈஸ்ட்ரோஜனையே முதலில் வைப்பேன்: 1993-இல் வெளியான ஆய்வில், எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை க்ரீம் போட்டவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.5 தொற்றும், போலி க்ரீம் போட்டவர்களுக்கு 5.9 தொற்றும் வந்தன. தினமும் சிறிய அளவில் ஆன்டிபயாடிக் சாப்பிடுவது வேலை செய்யும். விலையாகக் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். மெத்தெனமின் ஆன்டிபயாடிக் அல்லாத மாற்று. 240 பெண்களை வைத்து பிரிட்டனில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், ஆண்டுத் தொற்று ஆன்டிபயாடிக் பிரிவில் 0.89, மெத்தெனமின் பிரிவில் 1.38. இந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதல்ல என்பதே ஆய்வாளர்கள் முன்கூட்டியே வகுத்த அளவுகோலின்படி வந்த முடிவு. என் கணக்கிலும் ஆண்டுக்கு அரைத் தொற்று கூடுவது ஆன்டிபயாடிக்கைத் தவிர்ப்பதற்குப் பெரிய விலையல்ல. கிரான்பெர்ரி ஓரளவு குறைக்கிறது. டி-மேனோஸ் என்ற சர்க்கரை வகைப் பொடியோ, 2024-இல் வெளியான 598 பெண்களின் ஆய்வில், போலி மருந்தைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேலாக இருக்கவில்லை.

யோனி லேசரைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 2018-இல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது, 2021-இல் ஆஸ்திரேலிய ஆய்வு, யோனி வறட்சி முதலான தொல்லைகளில் உண்மை லேசருக்கும் நடிப்பு லேசருக்கும் ஓராண்டு முடிவில் வேறுபாடு காணவில்லை. விளம்பரம் எத்தனை பளபளப்பாக இருந்தாலும் இப்போதைக்கு நான் அதைப் பட்டியலில் சேர்க்கமாட்டேன்.

கடைசியாக, இரண்டு வகைக் கசிவும் சேர்ந்திருப்பவர்கள். இவர்கள் நிறையப் பேர், இவர்களுக்குத்தான் முடிவெடுப்பது கடினம். இடுப்புத்தளப் பயிற்சியும் சிறுநீர்ப்பைப் பயிற்சியும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யாதவை என்பதால் இரண்டையும் சேர்த்துத் தொடங்கிவிடலாம். மருந்தை மட்டும், இரண்டில் எது வாழ்க்கையை அதிகம் முடக்குகிறதோ அதற்கு முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே மூன்று நாள் குறிப்பேட்டை மறுபடி எழுதிப் பழைய பக்கத்தோடு வைத்துப் பார்த்தால், எத்தனை பேட் குறைந்திருக்கிறது, எந்த வரி மாறவில்லை என்பது தெரியும். மாறாத வரி தும்மலுக்கு எதிரே இருந்து, அதற்காக நாடா பொருத்த முடிவானால், கையெழுத்திடும் முன் மருத்துவரிடம் இரண்டு கேள்விகளுக்குத் தெளிவான பதில் பெற வேண்டும்: இந்த அறுவைக்குப் பின் என் அவசரம் அப்படியே இருக்குமா, கூடுமா, வலி தங்கிவிட்டால் நாடாவை எடுப்பது யார், அவர் இதுவரை எத்தனை எடுத்திருக்கிறார்.